மெகாபிக்சலைக் கூட்டினால் வேற்றுக் கோள் தெரியுமா?

கேள்வி இது: "ஹப்பிள், ஜேம்ஸ் வெப் என்று பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றன. ஆறாயிரத்துக்கு மேல் வேற்றுக் கோள்கள், அதாவது வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள், கண்டுபிடித்தாயிற்று என்கிறார்கள். ஆனால் நேரடியாகப் படம் எடுத்தவை மிகக் குறைவு, பூமி மாதிரி ஒன்றின் படம் ஒன்றுகூட இல்லை. இன்னும் அதிக மெகாபிக்சல் உள்ள கேமரா போட்டால் ஆகாதா? இதற்கான கேமராவை எப்படித்தான் வடிவமைக்கிறார்கள்?"

மெகாபிக்சல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நாசாவின் நான்சி கிரேஸ் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியில் இந்த வேலைக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அதன் சென்சார் 1024க்கு 1024, அதாவது ஒரே ஒரு மெகாபிக்சல். அதிலும் கோளைத் தேடும் பகுதி சிறு வட்டம்தான். உங்கள் கைபேசி கேமராவில் இதைவிடப் பல மடங்கு மெகாபிக்சல் இருக்கும். சிக்கல் முழுக்க சென்சாருக்கு முன்னால் இருக்கிறது.

நம் சூரியக் குடும்பத்தை 10 பார்செக் தூரத்திலிருந்து, சுமார் 33 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து, யாரோ பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள இடைவெளி 0.1 ஆர்க்செகண்ட். ஒரு டிகிரியை 3600 பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி பத்தாக்கினால் வருவது. ரொம்பச் சின்னதுதான், ஆனாலும் 2.4 மீட்டர் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 0.05 ஆர்க்செகண்ட் வரை பிரித்துக் காட்டும். கணக்குப்படி பார்த்தால் ஹப்பிள் அளவுத் தொலைநோக்கிக்கே அது எட்டும் இடைவெளி. இடிப்பது பிரகாசத்தில். பூமி திருப்பி அனுப்பும் ஒளி, சூரிய ஒளியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. வியாழனே நூறு கோடியில் ஒரு பங்குதான்.

இப்போது தொலைநோக்கி நட்சத்திரத்தை எப்படிக் காட்டும் என்று பாருங்கள். கண்ணாடிக்கு விளிம்பு இருக்கும்வரை விளிம்பு விளைவு, அதாவது விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது, இருக்கும். அதனால் நட்சத்திரம் ஒரு புள்ளியாக நிற்காமல், நடுவில் ஒரு வட்டும் சுற்றி வளையம் வளையமாக ஒளியும் கொண்டதாக விழும். முதல் வளையத்தின் பிரகாசம் நடு உச்சத்தில் சுமார் 1.75 சதவீதம். வெளியே போகப் போகக் குறையும், ஆனால் மெதுவாகத்தான் குறையும். பத்தாவது வளையத்துக்குப் போனாலும் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். பூமியின் ஒளி அதையும்விடப் பத்து லட்சம் மடங்கு மங்கல். கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், சென்சார் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த வளையங்களை அடக்காமல் எதுவும் நடக்காது.

அடக்கும் வழியை முதலில் கண்டவர் பிரெஞ்சு வானியலாளர் பெர்னார் லியோ. அவர் தேடியது கோளை அல்ல. கிரகணம் இல்லாத நாளிலும் சூரியனின் கொரோனாவை, அதாவது அதன் மங்கலான வெளி வளிமண்டலத்தை, பார்க்க வேண்டும் என்று 1930களின் தொடக்கத்தில் பிக் டு மிடி மலை ஆய்வகத்தில் ஒரு கருவி செய்தார். கொரோனாகிராஃப் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. நம் ஆதித்யா எல்1 விண்கலத்தில், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் செய்த கருவியும் இந்த வம்சம்தான்.

சூரியன் இருக்கும் இடத்தில் ஒரு சிறு தட்டை வைத்து மறைத்துவிட்டால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். போதாது. தட்டைத் தாண்டிக் கசியும் ஒளி அழியாது, இடம் மாறும். லியோ இதைக் கவனித்தார். தட்டுக்குப் பின்னால் இன்னொரு லென்ஸ் வைத்து, தொலைநோக்கியின் நுழைவாயிலையே மறுபடி பிம்பமாக்கினால், மிஞ்சிய ஒளி அந்த பிம்பத்தின் விளிம்பில் வளையமாகக் குவிந்து கிடக்கும். அந்த விளிம்பைக் கொஞ்சம் உள்வாங்கி மறைக்கும் இரண்டாவது தடுப்பு வைத்தார். அதற்கு இன்றும் லியோ தடுப்பு என்றே பெயர். தட்டின் மேல் விழாத கோளின் ஒளியோ விளிம்பில் குவியாமல் வாயில் முழுவதும் பரவியிருக்கும், எனவே பெரும்பகுதி தப்பித்துச் சென்சாருக்குப் போய்விடும். ஒரே ஒளியியல் பாதையில் நட்சத்திரத்தையும் கோளையும் வேறு வேறு இடத்துக்கு அனுப்பிப் பிரிக்கும் இந்த யோசனை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அழகாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவை இதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2000இல் டேனியல் ருவான் முன்வைத்த நான்கு கால்வட்டத் தட்டு ஒளியை மறைக்காது. எதிரெதிர்க் கால்வட்டங்களில் அலையின் கட்டத்தைப் புரட்டி (மேடு இருந்த இடத்தில் பள்ளம் வரும்படி செய்து), நட்சத்திர ஒளி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்யும். ஜேம்ஸ் வெப்பின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவியில் இந்த வகைத் தட்டுகள் இருக்கின்றன. 2005இல் திமித்ரி மாவே குழு சொன்ன சுழல் தட்டு அதைவிட நட்சத்திரத்துக்கு நெருக்கமாகப் பார்க்க விடும். நுழைவாயிலுக்கே விசித்திர வடிவில் முகமூடி வெட்டிப் போடும் முறையும் உண்டு, ரோமனில் அதுவும் லியோ வகையின் ஒரு கலப்பும் இருக்கின்றன.

இதில் எதைத் தேர்வது என்பதுதான் வடிவமைப்பாளரின் முதல் தலைவலி. நட்சத்திரத்துக்கு நெருக்கமாகப் பார்க்க வேண்டும், கோளின் ஒளி வீணாகக் கூடாது, பரந்த அலைநீளத்தில் வேலை செய்ய வேண்டும், தொலைநோக்கி லேசாக ஆடினாலும் கெடக் கூடாது. நான்கும் ஒன்றாகக் கிடைக்காது. நெருக்கத்தைக் கூட்டினால் ஆட்டத்தைத் தாங்கும் சக்தி குறையும். ரோமன் மாதிரி நடுவில் பெரிய மறைப்பும் ஆறு தடித்த தாங்குதண்டுகளும் உள்ள தொலைநோக்கி என்றால் இன்னும் சங்கடம், ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு விளிம்பு, ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு கசிவு. அந்தத் தொலைநோக்கி இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல, அமெரிக்க உளவு அமைப்பு 2012இல் நாசாவுக்குக் கொடுத்த கண்ணாடியை வைத்துக் கட்டியது. என் கருத்து, நெருக்கத்தைத் துரத்துவதைவிட ஆட்டத்தைத் தாங்கும் வடிவமே மேல். ஆய்வுக்கூட மேசையில் அபாரமாக வேலை செய்து, உண்மைத் தொலைநோக்கியில் ஒரு நிமிடம் நிலைக்காத வடிவத்தால் யாருக்கும் பயன் இல்லை.

இனி வருவதுதான் இந்தத் துறையின் உண்மையான பகை. அதன் பெயர் ஸ்பெக்கிள்.

கொரோனாகிராஃப் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது வேலை செய்வது உள்ளே வரும் அலைமுகம், அதாவது ஒளி அலையின் முன்பரப்பு, முற்றிலும் சமதளமாக இருக்கும்போதுதான். எந்தக் கண்ணாடியும் அப்படி இருக்காது. அலைமுகத்தில் சீரான நெளிவு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள், மேடு பள்ளம் மேடு பள்ளமாக, கண்ணாடி முழுக்கப் பத்துத் தடவை. அந்த நெளிவு நட்சத்திர ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி, நட்சத்திரத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு பொட்டாக வைக்கும். அந்தப் பொட்டுதான் ஸ்பெக்கிள். பார்க்கக் கோள் மாதிரியே இருக்கும், அதே அளவு, அதே வடிவம். அதன் பிரகாசத்துக்கு எளிய கணக்கு இருக்கிறது. நெளிவின் வீச்சை (நடுநிலையிலிருந்து மேட்டின் உயரத்தை) 3.14ஆல் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்துங்கள்.

போட்டுப் பார்ப்போம். அலைநீளம் 550 நானோமீட்டர், வீச்சு ஒரு நானோமீட்டர். விடை ஏறத்தாழ லட்சத்தில் மூன்று பங்கு. ஒரே ஒரு நானோமீட்டர் நெளிவு, பூமியைவிட மூன்று லட்சம் மடங்கு பிரகாசமான போலிக் கோளை உண்டாக்கிவிடுகிறது! தலைகீழாகப் போட்டால், ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வர வீச்சு சுமார் 1.75 பிகோமீட்டர் (பிகோமீட்டர் என்பது நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவே நூறு பிகோமீட்டர் அளவில் வரும். அணுவில் சுமார் அறுபதில் ஒரு பங்கு.

அந்த அளவுக்கு யாராலும் கண்ணாடியை மெருகேற்ற முடியாது. அதனால் மெருகேற்றும் வேலையை, தொலைநோக்கி வேலை செய்துகொண்டிருக்கும்போதே, வளையும் கண்ணாடியிடம் ஒப்படைக்கிறார்கள். மெல்லிய கண்ணாடி, அதன் முதுகில் ஆயிரக்கணக்கான நுண் தள்ளிகள், ஒவ்வொன்றையும் மின்னழுத்தத்தால் தனித்தனியே அசைக்கலாம். சிலியில் ஜெமினி தெற்குத் தொலைநோக்கியில் இருந்த ஜெமினி பிளானட் இமேஜரில் 64க்கு 64 தள்ளிகள் கொண்ட சிலிக்கான் சில்லு ஒன்று இருந்தது. ரோமனில் 48க்கு 48 வீதம் இரண்டு கண்ணாடிகள். தள்ளிகளின் எண்ணிக்கைதான் நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை சுத்தம் செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும். 48 தள்ளி இருந்தால் கண்ணாடி முழுக்க 24 நெளிவு வரைதான் திருத்த முடியும், அதற்கு வெளியே உள்ள ஸ்பெக்கிள்களை அதனால் தொட முடியாது.

தரையில் இருக்கும் தொலைநோக்கிக்கு முதல் எதிரி காற்று மண்டலம். அங்கே அலைமுகம் மில்லி நொடிக் கணக்கில் மாறுவதால், அலைமுக உணரி ஒன்று நட்சத்திர ஒளியில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அளந்து, வளையும் கண்ணாடிக்குக் கட்டளை அனுப்பும். சிலியில் பரனால் ஆய்வகத்தில் உள்ள ஸ்ஃபியர் கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. உணரிக்குப் போகும் ஒளியும் கேமராவுக்குப் போகும் ஒளியும் ஓரிடத்தில் பிரிகின்றன. பிரிந்த பிறகு கேமராப் பாதையில் உள்ள லென்ஸ், கண்ணாடி, வடிகட்டி உண்டாக்கும் பிழை உணரிக்குத் தெரியவே தெரியாது. உணரி எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும், படத்தில் ஸ்பெக்கிள் நின்றுகொண்டிருக்கும்.

எனவே கேமராவையே உணரியாக்க வேண்டும். இங்கே ஒரு முட்டுக்கட்டை: கேமரா ஒளியின் செறிவை மட்டும் பதிவு செய்யும், கட்டத்தைப் பதிவு செய்யாது. கட்டம் தெரியாமல் எதிரலை அனுப்ப முடியாது. வழி இது. வளையும் கண்ணாடியில், நமக்குத் துல்லியமாகத் தெரிந்த சிறு நெளிவு ஒன்றை வேண்டுமென்றே போட்டு ஒரு படம் எடு. அதே நெளிவைத் தலைகீழாகப் போட்டு இன்னொரு படம் எடு. இரண்டையும் கழித்தால், நாம் போட்டதும் ஏற்கெனவே இருந்ததும் எப்படிக் குறுக்கிட்டன என்பது தெரியும். இப்படிச் சில ஜோடிகள் எடுத்தால் ஒவ்வொரு பிக்சலிலும் மின்புலத்தின் வீச்சு, கட்டம் இரண்டையும் கணக்கிட்டுவிடலாம். அப்புறம் அதை அழிக்கும் எதிர்ப்புலத்தை உண்டாக்க எந்தத் தள்ளியை எவ்வளவு அசைக்க வேண்டும் என்று தீர்த்து அனுப்புகிறார்கள். இரைச்சலை அடக்கும் ஹெட்போன் ஒலியில் செய்வதை இது ஒளியில் செய்கிறது. ஒரே சுற்றில் முடியாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு பகுதி இருண்டுகொண்டே போகும். அந்தப் பகுதிக்கு இருட்டுக் குழி என்று பெயர். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் வெற்றிட அறையில் ட்ராகர், ட்ராப் இருவரும் இப்படி நூறு கோடியில் ஒன்றுக்கும் கீழே இறங்கிக் காட்டியது 2007இல். பூமி போன்ற கோளைப் படம் எடுப்பது இயற்பியலுக்கு முரணானதல்ல என்று உலகம் நம்பத் தொடங்கியதில் அந்தச் சோதனைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏன் இரண்டு வளையும் கண்ணாடிகள்? நெளிவுப் பிழை ஒரு பக்கம், கண்ணாடிப் பூச்சு ஓரிடத்தில் கொஞ்சம் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் பிரதிபலிக்கும் பிழை இன்னொரு பக்கம். ஒற்றைக் கண்ணாடியால் இரண்டையும் சேர்த்துத் திருத்தினால் நட்சத்திரத்தின் ஒரு புறம் மட்டுமே இருளும். இரண்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் வைத்தால் சுற்றிலும் இருளும்.

வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் ரோமனில் இருக்கிறது. தட்டில் பட்டு, நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்படும் நட்சத்திர ஒளியை அவர்கள் தூக்கி எறிவதில்லை. அதைத் தட்டிலிருந்து திருப்பி இன்னொரு உணரிக்கு அனுப்பி, தொலைநோக்கி எவ்வளவு ஆடுகிறது, குவியம் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கிறார்கள். அந்த ஒளி தட்டு வரைக்கும் கோளின் ஒளியோடு ஒரே பாதையில் வந்தது, ஆகவே முன்பு சொன்ன ஓட்டை இதில் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. அதோடு நட்சத்திர ஒளி தாராளமாக இருப்பதால் வேகமாகவும் அளக்கலாம்.

இவ்வளவு செய்தாலும் எதிர்பாராத இடத்தில் அடி விழும். ஸ்ஃபியருக்கு நடந்தது எல்லா வடிவமைப்பாளரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. காற்று அசையாமல், வானம் தெளிவாக, வானியலாளர்கள் ஆசைப்படும் இரவுகளில்தான் அதன் படம் கெட்டது. நட்சத்திரத்தின் நடுப்புள்ளியை ஒட்டி மிக்கி மவுஸின் காதுகள் போலப் பக்கப் பொட்டுகள் வந்தன. காரணம் தொலைநோக்கியின் இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் தண்டுகள். இரவில் அவை தம் வெப்பத்தை வானத்துக்கு வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. காற்று வீசினால் அந்தக் குளிர் கலைந்துவிடும். வீசாதபோது தண்டை ஒட்டிக் குளிர்ந்த காற்றுப் படலம் தங்குகிறது. குளிர்ந்த காற்றில் ஒளிவிலகல் எண் சற்று அதிகம். விளைவு, தண்டின் ஒரு புறத்துக்கும் மறுபுறத்துக்கும் இடையே அலைமுகத்தில் ஒரு படிக்கட்டு. அலைமுக உணரி அளப்பது சரிவுகளை, எனவே செங்குத்தான படி அதன் கண்ணுக்குத் தப்பிவிட்டது. கடைசியில் தீர்வு மென்பொருளில் வரவில்லை. 2017இல் தண்டுகளின் மேல் வெப்பத்தைக் குறைவாக உமிழும் பூச்சு ஒட்டினார்கள், தொல்லை வெகுவாகக் குறைந்தது.

மிஞ்சும் ஸ்பெக்கிள்களைப் படம் எடுத்த பிறகு கணினியில் கழிக்கிறார்கள். தொலைநோக்கி வானத்தைத் தொடரும்போது வானம் கேமராவுக்குள் மெல்லச் சுழலும்படி விட்டுவிட்டால், கருவியிலிருந்து பிறந்த ஸ்பெக்கிள் அங்கேயே நிற்கும், கோள் நட்சத்திரத்தைச் சுற்றி நகரும். நிற்பதைக் கழித்து, நகர்வதைச் சேர்த்தால் கோள் தேறும். கிறிஸ்டியன் மரோவா குழு வளர்த்த இந்த முறையோடு 2008இல் எச்ஆர் 8799 என்ற நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கோள்களின் படம் வந்தது, 2010இல் நான்காவதும் வந்தது. ஆனால் கழித்தல் வேலை செய்ய ஸ்பெக்கிள் மாறாமல் நிற்க வேண்டும். மெதுவாக மாறும் ஸ்பெக்கிள்தான் மிக மோசம், வேகமாக மாறுவது சராசரியில் கரைந்துவிடும், மாறாதது கழிந்துவிடும், இது இரண்டிலும் சேராது. எவ்வளவு நேரம் படம் எடுத்தாலும் பயன் இல்லை. ஒரு கேமராவை மதிப்பிட வேண்டுமென்றால் அது எவ்வளவு இருட்டாக்குகிறது என்பதோடு நான் அடுத்துக் கேட்பது, அந்த இருட்டு எவ்வளவு நேரம் மாறாமல் இருக்கும் என்பதைத்தான்.

எச்ஆர் 8799இன் கோள்கள் எப்படித் தெரிந்தன? அவை வியாழனைவிடப் பல மடங்கு நிறை கொண்டவை, பிறந்த சூடு இன்னும் ஆறாதவை, நட்சத்திரத்திலிருந்து வெகு தூரத்தில் இருப்பவை. அகச்சிவப்பில் அப்படிப்பட்டவற்றுக்கு லட்சத்தில் ஒன்று அளவு கான்ட்ராஸ்ட் (நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு மங்கலானதைப் பார்க்கலாம் என்ற அளவு) கிடைத்தாலே போதும். 2015இல் ஜெமினி கருவி கண்ட 51 எரிடானி பி என்ற கோள் அவற்றைவிட மங்கல். 2025இல் ஜேம்ஸ் வெப் காட்டிய டிடபிள்யூஏ 7 பி சனியின் நிறை அளவுக்கு வந்துவிட்டது. நாம் நெருங்கிக்கொண்டிருக்கிறோம், ஆனால் இவை எல்லாம் தம் சொந்த வெப்பத்தால் ஒளிர்பவை. நட்சத்திர ஒளியைத் திருப்பி மட்டும் அனுப்பும் முதிர்ந்த கோள் வேறு கணக்கு.

சென்சாருக்கு வருவோம். 10 பார்செக் தூரப் பூமியின் ஒளி, 6 மீட்டர் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு பட்டையில், தோராயமாக மூன்று நொடிக்கு ஒரு ஃபோட்டான், அதாவது ஒரு ஒளித்துகள். பல கண்ணாடிகள், தட்டுகள், தடுப்புகள் தாண்டி வருவதற்குள் அதில் பத்தில் ஒன்று மிஞ்சினால் நல்லது. அதையும் நிறமாலையாகப் பிரித்து ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்கப் போனால், ஒவ்வொரு நிறத் துண்டுக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு ஃபோட்டான் என்ற கணக்குக்கு வந்துவிடும். சாதாரண சென்சாரில் படிக்கும்போதே உண்டாகும் இரைச்சல் இதை விழுங்கிவிடும். அதனால் ரோமனில் இஎம்சிசிடி வகை சென்சார் வைத்திருக்கிறார்கள், எலக்ட்ரானைப் படிப்பதற்கு முன்பே பெருக்கிவிடும், வந்தது, வரவில்லை என்று ஒவ்வொன்றாக எண்ணலாம். விண்வெளிக் கதிர்வீச்சு வருடக் கணக்கில் அதைச் சேதப்படுத்தும் என்பதையும் வடிவமைக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது பூமி மாதிரி ஒன்றைப் பார்ப்போம்? ரோமனின் கொரோனாகிராஃப் ஒரு தொழில்நுட்பச் சோதனை. அதற்கு வைத்த கட்டாய இலக்கு கோடியில் ஒன்றுதான். அதைத் தாண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், தாண்டினால் வியாழன் போன்ற முதிர்ந்த கோளை நெருங்கலாம். வளையும் கண்ணாடி, ஃபோட்டான் எண்ணும் சென்சார், ஒதுக்கிய ஒளியால் ஆட்டத்தை அளப்பது என எல்லாம் ஒன்றாக விண்வெளியில் ஓடிக் காட்டுவது அதன் வேலை. ஆயிரம் கோடியில் ஒன்று என்பது அதற்கு அடுத்து வரவேண்டிய, சுமார் 6 மீட்டர் கண்ணாடி கொண்ட ஹேபிட்டபிள் வேர்ல்ட்ஸ் அப்சர்வேட்டரிக்கான இலக்கு. சுமார் 25 கோள்களை ஆராய வேண்டும் என்று அமெரிக்க வானியலாளர்களின் 2021 அறிக்கை பரிந்துரைத்தது. அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடித் துண்டுகள் ஒன்றுக்கொன்று பிகோமீட்டர் கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். என் பார்வையில் மொத்தத் திட்டத்திலும் மிகக் கடினமான வாக்கியம் அது.

இதில் இறங்க ஆசை இருந்தால் மடிக்கணினி போதும். பைத்தானில் ஹெச்சிஐபை, பாப்பி என்ற இலவச நூலகங்கள் உண்டு. முதலில் ஒரு வட்டத் துளை வரைந்து ஃபூரியர் மாற்றம் எடுங்கள், வளையங்கள் வரும். துளை முழுக்கப் பத்து நெளிவு வரும்படி 10 நானோமீட்டர் வீச்சில் ஒரு நெளிவைச் சேருங்கள், இரு புறமும் இரண்டு பொட்டுகள் முளைக்கும். வீச்சை ஒரு நானோமீட்டராகக் குறையுங்கள், பொட்டுகள் வளையங்களுக்குள் கலந்து தேடவேண்டியதாகிவிடும். இனி நடுவில் தட்டும் பின்னால் லியோ தடுப்பும் வைத்து வளையங்களை இறக்குங்கள், அதே பொட்டுகள் மறுபடி துருத்திக்கொண்டு தெரியும். ஒவ்வொரு படத்தையும் லாக் அளவில் போடுங்கள், சாதாரண அளவில் நடுப்புள்ளியைத் தவிர எதுவும் தெரியாது.